பத்து ஸ்டாருக்கு ஒரு கலர் பாக்ஸ்

மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை என்பது நாற்பத்திரண்டு தொண்டைகளை ஒரே தொண்டையால் அடக்கும் வேலை. அந்த ஒரு தொண்டையும் மத்தியானத்துக்குள் கட்டிக்கொள்ளும். சாக்பீஸ் தூளைத் தின்று ஜீவனம் நடத்தும் சகபாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். ஸ்கேலும் எடுத்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஸ்கேலுக்குப் பதில் ஸ்டார்

போன வருஷம் பிரின்சிபால் சார் எல்லா டீச்சரின் ஸ்கேலையும் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு பாக்கெட் ஸ்டார் ஸ்டிக்கர் கொடுத்தார். இரண்டு நாள் பயிற்சி. மணியடித்தால் எச்சில் விடும் நாய், கட்டையை அமுக்கினால் தீனி கிடைக்கும் எலி, தூண்டல், துலங்கல், வலுவூட்டல் எல்லாம் பி.எட்.டில் உருப்போட்டு மறந்தவைதான். நல்லது செய்தால் ஸ்டார். தப்பு செய்தால் சிவப்புப் புள்ளி, ஐந்து புள்ளிக்கு ஒரு ஸ்டார் காலி. பத்து ஸ்டார் சேர்ந்தால் ஒரு கலர் பாக்ஸ். சுவரில் சார்ட் ஒட்டினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரே வாரத்தில் வகுப்பு பெட்டிப்பாம்பாக அடங்கியது.

இரண்டாவது வாரம் ஒரு பையன் மாடிப்படியில் உருண்டு நெற்றியைப் பிளந்துகொண்டான். மூன்று பேர் அவனைத் தூக்கி வந்து என் மேஜை முன்னால் நிறுத்தினார்கள். ஒருத்தி சட்டையெல்லாம் ரத்தம். நான் பஞ்சைத் தேடிப் பதறிக்கொண்டிருக்கிறேன், அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், நாங்க மூணு பேர் தூக்கினோம். ஆளுக்கு ஒண்ணா, இல்ல பிரிச்சுக்கணுமா?"

கண்டுக்காதே

கவனத்தை இழுக்கத்தான் பிள்ளைகள் சேட்டை செய்கிறார்கள், பார்க்காமலிருந்தால் தானாக நின்றுபோகும் என்பது பயிற்சியில் சொன்ன இன்னொரு பாடம். நிற்பதற்கு முன் கொஞ்சம் கூடுமாம். அணையப் போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று நம் ஊரில் சொல்வதுதான். கடைசி பெஞ்சில் ஒருவன் சேவல் மாதிரி கூவுவான். நான் திரும்பவே இல்லை. பெஞ்சில் ஏறிக் கூவினான். என் மேஜையிலேயே ஏறிக் கூவினான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெருக்கல் வாய்ப்பாடு எழுதினேன். ஆறாம் நாள் நின்றே போனது.

அந்த ஆறு நாளும் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தவர் எங்கள் ஆயா வசந்தா அக்கா. என்னைவிட நாலு வருஷம் சீனியர், வாய் மட்டும் நாற்பது வருஷம் சீனியர்.

"இன்னா மிஸ், புள்ள மேஜ மேல நின்னு கத்திகினு கீது, நீ பாட்டுக்கு போர்டப் பாத்துகினு கீற? அதுக்கு இன்னா வேணும்னு கேட்டா வாய்ல கீற முத்து கொட்டிடுமா?"

கடைசிப் பீரியட்

பிரின்சி என்று ஒரு பெண், வகுப்பிலேயே சின்ன உருவம். அப்பா இல்லை. அம்மாவுக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. நடு வருஷத்தில் கூடுவாஞ்சேரிக்குக் குடிபோனார்கள். ஃபீஸ் கட்டியாகிவிட்டதே என்று பிள்ளை மட்டும் வேனில் அங்கிருந்து வந்து போனது. அதுவரை சத்தமே இல்லாத பெண், திடீரென்று கடைசிப் பீரியடில் பேயாட்டம் ஆட ஆரம்பித்தாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைக் கிழிப்பாள், பாட்டில் தண்ணீரைத் தரையில் கவிழ்ப்பாள். எங்கள் பள்ளி விதிப்படி, அப்படிச் செய்தால் வேனை அனுப்பிவிட்டு பிள்ளையை நிறுத்தி வைக்க வேண்டும், பெற்றவர்கள் வந்து கூட்டிப் போக வேண்டும்.

மூன்று வாரத்தில் ஏழு முறை நிறுத்தி வைத்தேன். ஏழு முறையும் அந்த அம்மா பாதி ஷிஃப்டில் எழுந்து, ரயில் பிடித்து, தாம்பரத்தில் பஸ் மாறி ஓடி வந்தாள். ஏழாவது முறை யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நல்லா நாலு அடி வெச்சு வேன்ல ஏத்தி விட்ருங்க மிஸ். இன்னொரு தடவ பாதியில எழுந்து போனா அப்படியே போயிடுன்னுட்டாரு சூப்பர்வைசர்."

கண்டுபிடித்தேன்

சேட்டைக்கு முன்னால் என்ன நடந்தது, சேட்டை என்ன, அதன்பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். மூன்றாவது பத்தி பளிச்சென்று தெரிந்தது. நிறுத்தி வைத்தால் அவள் அழுவதில்லை. வசந்தா அக்கா பக்கத்தில் நிம்மதியாகக் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் தண்டனை என்று கொடுத்தது அவளுக்குப் பரிசு. அம்மா வருகிறாளே, அதற்காகத்தான் ஆடுகிறாள் என்று முடிவு கட்டினேன். இரண்டாவது முடிச்சை அவிழ்க்கத் தோன்றவில்லை. அவள் எதை நோக்கி ஓடுகிறாள் என்று பார்த்தேனே தவிர, எதைவிட்டு ஓடுகிறாள் என்று பார்க்கவில்லை.

என்ன சேட்டை செய்தாலும் இனி வேனில் ஏற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அழாமல் போனால் மறுநாள் ஸ்டார். வேனுக்குள் அழுதாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? டிரைவரைக் கூப்பிட்டு, "அண்ணா, இவ அழுதா எனக்கு போன் போடுங்க" என்றேன். முதல் நான்கு நாள் கேட்டைக் கட்டிப்பிடித்துக் கதறினாள். டிரைவர் விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிப் போனார். ஐந்தாம் நாள் தானே ஏறினாள். என் சார்ட்டை ஸ்டாஃப் மீட்டிங்கில் தூக்கிக் காட்டினார் பிரின்சிபால் சார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்துக்கோங்க டீச்சர்ஸ். ஒரு அடி இல்ல, ஒரு திட்டு இல்ல. சயின்ஸ்!"

உட்காரு

ஆறாவது ஸ்டாருக்கு அப்புறம் பிரின்சிக்குப் புதுப் பழக்கம். வகுப்பில் உட்காரமாட்டாள். பெஞ்சில் முட்டி போடுவாள், இல்லையென்றால் நின்றுகொண்டே எழுதுவாள். "இடத்தில் அமராமை" என்று சேட்டைப் பட்டியலில் தனிப் பத்தியே இருக்கிறது. சிவப்புப் புள்ளி வைத்தேன். நாலு புள்ளி வரை நின்றாள். ஐந்தாவது வைக்கப் பேனாவைத் திறந்ததும் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "சமத்து!" என்று சொன்னேன். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்தாவது ஸ்டார். வகுப்பே கை தட்டியது. கலர் பாக்ஸை நீட்டினேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள். நான் சிரித்தேன். பரிசு கொடுத்தால் தண்டனை கேட்கிறாயே அசடு என்று கன்னத்தைக் கிள்ளி வேனுக்கு அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது இதுதான்:

"மிஸ், இது வேணாம். இதுக்குப் பதிலா இன்னிக்கு ஒரு நாள் என்னை நிறுத்தி வெக்கிறீங்களா?"

திங்கட்கிழமை

பாத்ரூமுக்குக் கூட்டிப்போன வசந்தா அக்கா, பிரின்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். அக்கா என்னிடம் கத்தாமல் பேசியது அன்றைக்கு ஒருநாள்தான். இடது தொடையின் பின்புறம் முழுக்க கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, பாவாடை அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சனி, ஞாயிறு அம்மாவைக்கூடக் கிட்டே விடாமல் தானே குளித்திருக்கிறாள். மிஸ் இன்னொரு தடவை போன் பண்ணினால் எனக்கு வேலை போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்தாளாம். எட்டு வயசுப் பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டது.

"மிஸ், புள்ள தொட வெந்து பூடுச்சு. இத்தினி நாளா இத்தோடயா அதை உக்கார வெச்ச?"

வேன் அண்ணன்

வேனில் பன்னிரண்டு பேருக்கு இடம், ஏறுவது இருபத்து மூன்று பேர். டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி இருக்கிறதே, அந்தத் தகர மூடிதான் பிரின்சிக்கு சீட். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் கூடுவாஞ்சேரி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் இறங்குகிறவள் அவள். வழியில் மற்ற பிள்ளைகள் இறங்கி சீட் காலியாகும். எழுந்து மாறினால் பிரேக் போடும்போது விழுவாள் என்று அவர் அசைய விடுவதில்லை. மேலே ஒரு சாக்கு விரித்திருந்தாராம். சாக்கு நழுவும். அழுதால் மிஸ்ஸுக்கு போன் போட்டு ஸ்டாரைக் காலி பண்ணிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். அந்த மிரட்டலை அவருக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். பிரின்சிபால் சார் அவரைத் திட்டித் தீர்த்தார், வேனை நிறுத்தினார். அந்த மனுஷன் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"சின்னதத்தான மிஸ் இன்ஜின் மேல உக்கார வெக்க முடியும்? மொதல்ல கத்திகினு இருந்துச்சு. நீங்க சொன்னதுக்கு அப்பால வாயே தொறக்கல. சுடலையாங்காட்டியும்னு நெனச்சேன்."

ஒன்பதாம் நம்பர் கட்டில்

பிரின்சியைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண் ஆறவில்லை என்றால் இன்னொரு இடத்துத் தோலை எடுத்து வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா சம்பளமில்லா லீவில் கட்டிலோரம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நர்ஸ் கட்டுப் பிரித்தாள். துணி ஒட்டிக்கொண்டு சதையோடு வந்தது. பக்கத்துக் கட்டில் பெரிய ஆள் அதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, கத்தும்மா, கத்திடு" என்று அழுதார். பிரின்சி குப்புறப் படுத்து, தலையணை நுனியைக் கடித்தபடி சத்தமே போடாமல் இருந்தாள். எல்லாம் முடிந்தபின் வேர்த்த முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நான் அழவே இல்ல, பாத்தீங்கல்ல மிஸ்?"

சொல்லிக் கொடுத்தது எதுவும் இந்தப் பிள்ளைகள் மண்டையில் ஏறுவதில்லை என்று இனி எந்த டீச்சராவது என்னிடம் புலம்பினால், அவங்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம்தான் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதாக இருக்கிறேன்.