கழற்றிய நம்பர் பிளேட்

தென்கொரியாவின் குவாங்யாங் துறைமுகத்தில் சரக்கு லாரி ஓட்டுகிறவன் வண்டியைச் சொந்தக் காசில்தான் வாங்குவான். நம்பர் பிளேட் மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். பிளேட் இல்லாமல் சரக்கு ஏற்ற முடியாது. ஓட்டுநர் கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், பிளேட்டைக் கழற்ற முதலாளி திருப்புளியோடு ஆள் அனுப்பிவிடுவார். நல்ல ஏற்பாடுதான், முதலாளிக்கு.

பியோ மிக்யோங் அப்படியொரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். ஓட்டுநர்களின் இன்சூரன்சும் அபராதமும் மட்டுமல்ல, வீட்டுச் சண்டைகூட அவள் மேஜைக்குத்தான் வரும். எல்லாருக்கும் நல்லவள். முதலாளி முன்னால் மட்டும் வாய் எழாது.

அந்த வாரம் லாரி தயாரித்த நிறுவனம் ஒரு மாடலை முழுக்கப் பழுது பார்க்கத் திரும்ப அழைத்தது. கியர் பாக்ஸிலிருந்து பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் இணைப்பில் விரிசல் விழுகிறதாம். ஓடும்போதே தண்டு கழன்று ரோட்டில் விழலாம். பின்னால் வருகிறவன் கதி அதோகதிதான். ஆனால் தகவல் ஓட்டுகிறவனுக்குப் போகாது; பிளேட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். முதலாளி குக் அதை மிக்யோங் படிக்கக் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"சூசோக் பண்டிகை முடியட்டும். இப்ப வண்டிய ஷெட்ல விட்டா சரக்க உங்கப்பனா கொண்டு போவான்? மூச்சு விடாத."

மிக்யோங் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை, அந்த மாடல் லாரி ஓட்டும் சோன் டூசிக் வண்டி எடுக்க வந்தபோது அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"அண்ணே, வண்டிய எடுக்காதீங்க," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டூசிக்குக்குக் கோபம்தான் வந்தது. "சீட்டுக்கு அடியில நடுங்குறது எனக்குத் தெரியாதாக்கும்? இத ஏம்மா எங்கிட்ட சொன்ன? இதுவரைக்கும் ஏதோ நடுக்கம்னு ஓட்டுனேன். இனி தெரிஞ்சே ஓட்டணும். ஏதாச்சும் ஆச்சுன்னா என் கழுத்தத்தான் பிடிப்பானுங்க."

"அப்ப போவீங்களா?"

"போகாம? பண்டிகைக்கு வெறுங்கையோட வீட்டுக்குப் போகச் சொல்றியா?"

அவன் வழியில் சாப்பிட கிம்பாப் வாங்கக் கடைக்குப் போனான். மிக்யோங் முதலாளியின் மேஜையைத் திறந்து திருப்புளியை எடுத்தாள். டூசிக் லாரியின் பிளேட்டைக் கழற்றினாள். ஓட்டுநர்கள் காறித் துப்பும் காரியம் அது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"அடிப்பாவி!" என்று கத்தியபடி ஓடி வந்தான் டூசிக். "நீயும் அவன் வீட்டு நாயா ஆயிட்டியா?"

"ஆமாண்ணே. எவ்வளவு வேணா திட்டுங்க. பிளேட்டத் தர மாட்டேன்."

திட்டினான். வாய் வலிக்கும்வரை திட்டினான். அவள் அழுதுகொண்டே பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவன் சக்கரத்தை ஓர் உதை விட்டு, அப்படியே தரையில் குந்தினான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது.

"நாம்கில் வண்டியும் இதே மாடல்தான? அவன்கிட்ட சொல்லிட்டியா?"

மிக்யோங் தலையைக் குனிந்துகொண்டாள். நாம்கில் விடியும் முன்பே மலைப்பாதையில் கிளம்பிப் போயிருந்தான். அவனை அழைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

டூசிக் தன் ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்கண்ணே, எறக்கத்துல இருக்கேன்," என்றான் நாம்கில். "பின்னாடி பூரா ஊருக்குப் போற காருங்க. ஒருத்தன் கார் ஜன்னல்ல பிள்ளைங்க எனக்கு டாட்டா காட்டுதுங்க."

"வண்டிய ஓரங்கட்டுடா."

"வெளையாடாதீங்கண்ணே. சரக்கு லேட்டாச்சுன்னா பிளேட்ட உருவிருவாரு."

டூசிக் மிக்யோங்கின் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"உருவட்டும்டா. என்னோடதயும் உருவியாச்சு. மெதுவா ஓரங்கட்டு, என் சாமி."

மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.