ஷீட்டின் மேல் தோகை

எதிர்வீட்டு மாடியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெயிலில் சூடேறிய சிமெண்டிலிருந்து அந்த ஆவி வாடை வந்தாலே எனக்குக் கரியமாணிக்கத்தில் இருந்த எங்கள் வீடுதான் நினைவுக்கு வரும்.

ஒரு முழ அகல மண்சுவர், கரும்புத் தோகை வேய்ந்த கூரை. சித்திரையிலும் உள்ளே நுழைந்ததும் வேர்வை அடங்கிவிடும். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, “கூர வூடா?” என்றார்கள். அவ்வளவுதான். அப்பா தோகையைப் பிரித்துவிட்டுச் சிமெண்ட் ஷீட் போட்டார். கல்யாணம் நடந்தது.

மறு சித்திரையில் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பிறந்த குழந்தைக்கு அந்த ஷீட்டின் கீழே உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா ஈரப்புடவையைச் சுற்றிலும் தொங்கவிட்டாள். அப்பா ஏணி வைத்து ஏறி, ஷீட்டின்மேல் குடம் குடமாக ஊற்றினார். “இன்னும் ஊத்துப்பா,” என்று உள்ளிருந்து அக்கா கெஞ்சிக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது.

புதைத்துவிட்டு வந்த அப்பா ஒரு வண்டித் தோகை கொண்டுவந்து ஷீட்டின் மேலேயே வேய்ந்தார். வீடு பழையபடி குளிர்ந்தது.

அடுத்த பிரசவத்துக்கு அம்மா போய்க் கூப்பிட்டாள். “இப்ப வூடு குளுகுளுன்னு இருக்குதுடி, வா.”

அக்கா வரவில்லை. “மொதல்லயும் அப்டித்தான இருந்துச்சு,” என்றாள். “எனக்காவத்தானம்மா பிரிச்சீங்க.”