வானொலி அக்கா வாயை மூடிய நேரம்

விமான நிலையத்து ரேடார் அறையில் அவளுக்கு ‘வானொலி அக்கா’ என்று பட்டப்பெயர். பிழைப்பும் பேச்சு, சுபாவமும் பேச்சு. விமானிகளை நாளெல்லாம் ஏறச் சொல்லி, இறங்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், “அந்தப் பக்கம் திரும்பாதீங்க, பால் பாத்திரம் இருக்கு” என்று புருஷனிடம் தொடர்வாள். அவரும், “சரி, திரும்பல” என்று விமானி மாதிரியே ஒப்பித்துவிட்டு நழுவுவார்.

ஒரு மத்தியானம் ஒரு விமானத்தை மேலே ஏறச் சொன்னாள். ஏறக்குறைய அதே அழைப்புப் பெயர் கொண்ட ஒரு சரக்கு விமானத்தின் விமானியும் அந்த உத்தரவு தனக்குத்தான் என்று எண்ணிக்கொண்டார். இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னதில் ஒரு குரல் இரைச்சலில் அமுங்கிப்போனது. சற்றைக்கெல்லாம் திரையைப் பார்த்தாள். சரக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே, மூன்றாவதாக ஒரு பயணிகள் விமானம்.

“உடனே கீழே இறங்குங்க!” என்று பயணிகள் விமானிக்குச் சொன்னாள்.

“முடியாதுங்க. மோதல் தடுப்புக் கருவி மேலே போகச் சொல்லுது. ஏறிட்டிருக்கோம்.”

இப்படிப் பதில் வந்தால் அவள் குறுக்கே பேசக் கூடாது. அவள் திரையில் தெரிவது சில நொடிப் பழசு. விமானங்களில் உள்ள கருவிகளோ தமக்குள் கேட்டுக் கேட்டு, நீ மேலே, நான் கீழே என்று முடிவு செய்துவிடும். நடுவில் மூக்கை நுழைத்தால் காரியம் கெட்டுவிடும்.

தொண்டைவரை வந்த உத்தரவை விழுங்கினாள். மைக் பொத்தானை அழுத்தத் துடித்த கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “என்னக்கா, உடம்புக்கு முடியலையா?”

“சும்மா இருங்க. நான் பேசாம இருக்கேன்ல?”

புள்ளிகள் நெருங்கின, ஒட்டின, பிரிந்தன.

“ஆபத்து விலகிடுச்சு. பழைய உயரத்துக்குத் திரும்பறோம்.”

“சரி” என்றாள். இப்படி நடந்தால் உள்ள வழக்கப்படி மேலதிகாரி வந்து வேறொருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

சாயங்காலம் கேன்டீனில், அங்கேயே வந்து இறங்கியிருந்த சரக்கு விமானி தொங்கிய முகத்தோடு எதிரே வந்து நின்றார். “நான்தாங்க அது.”

கொட்டித் தீர்க்கவென்று சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம், அவர் கையில் தளும்பிய காப்பியைப் பார்த்ததும் கரைந்துபோயின. “உக்காருங்க. ரெண்டு குரல் கலந்தப்போ நானும் மறுபடி கேட்டிருக்கணும்.”

இருவரும் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார்கள். சரக்கு விமானத்துக்குப் பெயர் மாறியது.

அடுத்த வாரம் அந்த விமானி வானத்திலிருந்து புலம்பினார்: “புதுப் பேரு வாயில நுழைய மாட்டேங்குதுங்க.”

“நல்லதாப் போச்சு. வேற யாரும் தனக்குன்னு எடுத்துக்க மாட்டாங்க” என்றாள்.