நகப்பூச்சு வைத்த மூங்கில்கள்

சிங்கப்பூர் கிடங்கில் என் வேலை போனதும் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். மனைவிக்குப் பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை. அவள் காலையில் பஸ் ஏறிவிட்டால் எனக்கென்று இருந்தது வீட்டுப் பக்கவாட்டு நிலம் மட்டும்தான். பயத்தங்காய் போட்டேன். கொடி ஏற நல்ல கொம்பு கிடைக்கவில்லை. பழைய பிளாஸ்டிக் குழாய்கள் வெயிலில் வளைந்தன.

காஹாங்கில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பன் மெல்லிய ரக மூங்கில் கிழங்கு இரண்டைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "மூங்கிலா? பாம்பு வருங்க. வேரு வீட்டுக்கு அடியில போயிருச்சினா?"

"இது ஓடாது லா," என்றான் நண்பன். "குத்தா ஒரே எடத்துல நிக்கும்."

வேலி ஓரத்தில் நட்டேன். பிறகு ஒரு பள்ளியில் காவலாளி வேலை கிடைத்தது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் விடவில்லை. மூன்றாம் வருடம் குத்து ஆள் உயரத்தைத் தாண்டியது. பச்சையாக, நேராக நின்றவற்றில் பத்து வெட்டிப் பந்தல் போட்டேன். அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும் என்று வாசல் பக்கம் தெரியும்படியே போட்டேன்.

சில வாரங்களில் கழிகளுக்கு அடியில் மஞ்சள் தூள் விழுந்தது. நான் பெரிதாக நினைக்கவில்லை. வருடக் கடைசி மழையில் ஒரு மாலை, காய்த்துத் தொங்கிய கொடிகளோடு பந்தல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேலை விட்டு வந்த மனைவி சீருடையோடு சேற்றில் இறங்கிக் காய்களைப் பொறுக்கினாள். எனக்கு அழுகை வராத குறைதான்.

நண்பனுக்குப் போன் செய்தேன்.

"எந்தக் கழிய வெட்டுன?"

"நல்லா பச்சையா, நேரா இருந்தத."

"அலமாக்! அது இந்த வருஷக் குருத்து. உள்ள பூரா மாவு, வண்டுக்கு அதான் சாப்பாடு. மூணு வயசு ஆன கழியத்தான் வெட்டணும்."

அவன் சொன்னதைச் சொன்னதும் மனைவி குத்தைச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. எதுக்கு எத்தனை வயசுன்னு எப்படிங்க தெரியும்?"

அவள் உள்ளே போய்ச் சிவப்பு நகப்பூச்சு எடுத்து வந்தாள். கணுவில் உறை இன்னும் உதிராமல் நின்ற, அந்த வருடம் முளைத்த கழிகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றிலும் இடுப்பு உயரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அடுத்த வருடம் அவற்றுக்கு இரண்டாவது புள்ளி, புதிதாக வந்தவற்றுக்கு முதல் புள்ளி. அதற்கும் அடுத்த வருடம் மூன்றாவது. அந்த இரண்டு வருடமும் பயத்தங்காயை வேலிக் கம்பியிலேயே ஏற்றினோம்.

போன வருடம் மூன்று புள்ளிக் கழிகள் பதினான்கு தேறின. வெட்டி, நிழலில் காயவைத்து, பதினொன்றில் பந்தல் கட்டினேன். மழைக்காலம் முழுவதும் அது அசையவில்லை. மிஞ்சிய மூன்றையும் பாகற்காய்க்கு என்று வைத்திருந்தேன். மனைவி அதில் ஒன்றைத் துணி காயப்போட எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டை நட்டுப் பாகற்கொடியை ஏற்றினேன்.