கொழுக்கியில் கட்டிய மஞ்சள் பட்டு

லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கம் வீட்டு வாசல்களுக்குக் கல் பதிக்கிற பத்மநாதனைப் பற்றி ஆரிடம் கேட்டாலும் இரண்டு விசயம் சொல்வார்கள். யப்பான் பிக்கப்பைத் தவிர வேறு எதையும் வாங்க மாட்டார். மற்றது, சரியான பயந்த மனிசன்.

பயம் என்றால் பேயும் பிசாசுமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து கைபிடியை இழுத்துப் பார்ப்பார். வேலைக்குப் போன இடத்தில் பிரேக்கை இழுத்துவிட்ட பிறகும் சில்லுக்கு ஒரு கல்லை அணை வைப்பார். மனைவி மாலினி, இந்த மனிசன் என் கழுத்தில் தாலி கட்டியபோதே முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தவர் என்று சொல்லிச் சிரிப்பாள்.

அவர் யாழ்ப்பாணத்து மட்டுவில் ஊர் வசந்தமலரின் கடைசிப் பிள்ளை. வசந்தமலரின் தமக்கை ராஜலட்சுமியின் புருசனிடம் அந்தக் காலத்தில் ஒரு யப்பான் பிக்கப் இருந்தது. யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக டீசலைக் கண்ணால் காண முடியாத காலம். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றித்தான் வண்டி ஓடும். ஒருநாள் வசந்தமலருக்கு வயிற்றுக் குத்து வந்து, அந்தப் பிக்கப்பின் பின்பெட்டியில் பாய் விரித்துக் கிடத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தாயின் காலைப் பிடித்துக்கொண்டு பத்மநாதன் இருந்தார். வழி முழுக்க ஷெல். வண்டி இருமியது, புகை கக்கியது, ஆனால் நிற்கவில்லை. நின்றிருந்தால் தாயுமில்லை, மகனுமில்லை. அன்றைக்குப் பிடித்த பிடி அது. ஜெர்மனியில் கோப்பை கழுவி, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் அதே பெயர் போட்ட வண்டியைத்தான் வாங்கினார். புகை கக்குகிற பழைய வண்டிகளுக்குத் தண்டம் போடுகிற சட்டம் வந்து பழையதை விற்க வேண்டி வந்தபோதும், புதிதாக வாங்கியது அதே பெயர்தான்.

இப்படிப் பிடித்த பிடியில் நிற்கிற இன்னொருவர் குடும்பத்துக்குள்ளேயே இருந்தார். பத்மநாதனின் தமக்கை சிவகௌரியைக் கட்டிய தியாகராஜா. வசந்தமலருக்கு ஒன்றுவிட்ட தமையனின் மகன், ஆகவே சொந்தத்துக்குள் சொந்தம். தியாகராஜா லண்டனுக்கு வந்த புதிதில் டாகனம் என்ற இடத்தில் ஒரு அமெரிக்கன் கம்பனியின் எஞ்சின் தொழிற்சாலையில் ஷிப்ட் செய்தவர். அந்தச் சம்பளத்தில்தான் தங்கச்சிமார் மூன்று பேரும் கரையேறினார்கள். என்ரை கைபட்ட எஞ்சின் என்று சொல்லி, ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள தன் வீட்டு வாசலில் அமெரிக்கன் பிக்கப்பைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். கட்டடச் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில்.

கலியாண வீடு, செத்த வீடு, எங்கே கண்டாலும் இரண்டு பேருக்கும் இதே கதைதான். பிக்கப் வைத்திருக்கிற தமிழ்ப் பெடியள் வட்ஸ்அப்பில் ஒரு குறூப் தொடங்கியபிறகு இன்னும் மோசம். யப்பான்காரன் சைக்கிளுக்கு டீசல் ஊற்றி விற்கிறான் என்று தியாகராஜா எழுதுவார். அமெரிக்கன் வண்டி, பழுதானதைத் தூக்குகிற றெக்கவறி லொறிக்கு மேலே இருக்கிறபோதுதான் நல்ல அழகு என்று பத்மநாதன் பதில் போடுவார். மூன்றரை தொன் இழுக்கும் என்று தியாகராஜா சொன்னால், இழுத்தால் நிறுத்தத் தெரியுமோ என்று பத்மநாதன் கேட்பார்.

கோயில் தேருக்கு முன்னால், லைற்றுக்கும் மைக்குக்கும் கரண்ட் கொடுக்கிற ஜெனறேற்றர் ட்றெயிலரை இழுத்துப்போவது வழமையாக அமெரிக்கன் பிக்கப். அந்த வருசம் கோயில் நிர்வாகத்திலிருந்த சஞ்சயன், இந்தச் சண்டை தாங்க ஏலாமல், ஒருமுறை யப்பானும் இழுத்துப் பார்க்கட்டுமே என்று சொல்லிவிட்டான். அப்படியென்றால் நான் தேருக்குக் கட்டை போடுகிறேன் என்று மட்டும் தியாகராஜா சொன்னார். தேர் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடிவிடாமல் சில்லுக்கடியில் மரக்கட்டை வைக்கிற வேலை.

பத்மநாதனுக்கு அன்றிலிருந்து நித்திரை போய்விட்டது. ட்றெயிலர் பாரமானது. தேர் போகிற வழியில் கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் நெட்டுக்குத்தான ஏற்றம் ஒன்று உண்டு. ட்றெயிலருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி எடுக்கிற பெண்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் வடம் பிடிக்கிற சனம். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. குறூப்பில் அது எத்தனை வருசத்துக்குப் பேச்சாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சிவகௌரிக்கும் பயம். புருசனின் கண்ணூறு தம்பியின் வண்டியில் பட்டுவிடுமோ என்ற பயம் அது. இதை ஆரிடமும் சொல்ல முடியாது. தேரன்று விடியவே வந்து, பிள்ளையாரின் காலடியில் வைத்தெடுத்த மஞ்சள் பட்டுத் துண்டொன்றை, பிக்கப்பின் பின்னால் ட்றெயிலர் பூட்டுகிற கொழுக்கியில், உருண்டைத் தலையையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். அதற்கு மேலே பூமாலையும் போட்டாள். பாரம் இழுக்கிற இடம் அதுதானே, காவலும் அங்கேதான் வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ட்றெயிலரைப் பூட்ட வந்த பத்மநாதன் பட்டைக் கண்டார். உருண்டைத் தலையில் துணி கிடந்தால் ட்றெயிலரின் வாய் முழுதாகக் கவ்வாது. அது தெரிந்தவர்தான். கையும் முடிச்சுக்குப் போனது. ஆனால் சாமியின் காலடியில் வைத்துக் கட்டியதைத் தேரன்று அவிழ்க்கிறதா? அவிழ்த்தால் வரப்போகிற கேடு தன் தலையில்தான் விழும் என்று நினைத்தார். கையை எடுத்துவிட்டார். ட்றெயிலரின் வாயைப் பட்டுக்கு மேலேயே இறக்கிப் பூட்டை அமத்தினார். தப்பித்தவறி ட்றெயிலர் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கிற காப்புக் கம்பியை மாட்டுகிற வளையம் மாலைக்குள் மறைந்து கிடந்தது. கம்பியை மாலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி விட்டார்.

பூட்டியபின் ட்றெயிலரின் மூக்கைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பது அவரது வழக்கம். ஒன்றுக்கு மூன்று தரம் ஆட்டுகிறவர். குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மரக்கட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தியாகராஜா நின்றார்.

"என்ன, உன்ரை வண்டியிலை உனக்கே நம்பிக்கை இல்லையோ?"

பத்மநாதன் ஆட்டிப் பார்க்காமலே போய் வண்டியில் ஏறினார்.

முதலாவது சத்தம் ரோட்டில் வேகத்தடைத் திட்டியொன்றைக் கடக்கும்போது கேட்டது. டொக். கல்லாக இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னார். அடுத்தது சிக்னலில் நின்று எடுக்கும்போது. டொக். அது கல்லில்லை. கண்ணாடியில் பார்த்தார். ட்றெயிலரின் மூக்கு, தவில் அடிக்கிறவனின் தலை மாதிரி மேலும் கீழும் ஆடியது. அதற்குப் பின்னால் எரிகிற கற்பூரச்சட்டியோடு சிவகௌரி. மற்றப் பெண்கள் தள்ளித்தான் வந்தார்கள். அவள் மட்டும் ட்றெயிலரோடு ஒட்டி வந்தாள், தான் கட்டிய பட்டைப் பார்த்தபடி.

வண்டி ஏற்றத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. பத்மநாதனின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. நின்றால் திரும்ப எடுக்கவேண்டும். எடுக்கும்போது ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பில்தான் கழரும். நிற்காமல் ஊர்ந்தால் மேலே போய்ச் சேரலாம். நிற்காத வண்டிதானே என்று மனம் சொன்னது. பிள்ளையாரே, மேலே ஏற்றிவிடு என்று வாய் முணுமுணுத்தது. டொக். இந்த முறை சத்தத்தோடு ஒரு உலுக்கலும் வந்தது. வடத்தின் முன்வரிசையில் மகள் மயூரா சனத்தோடு சேர்ந்து அரோகரா சொல்லிக்கொண்டு வருவது கண்ணாடியில் தெரிந்தது.

நிறுத்தினால் ஊர் சிரிக்கும். நிறுத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வண்டியை மெல்ல மெல்ல அமத்தி நிறுத்தினார். கால் பிரேக்கை விட்டு எழும்பவில்லை. கதவுக் கண்ணாடியை இறக்கி, வாழ்க்கையில் கூப்பிடாத குரலில் அத்தானைக் கூப்பிட்டார்.

தியாகராஜா ஆடி அசைந்து வந்தார்.

"என்னடா, யப்பான் களைச்சிட்டுதோ?"

"ட்றெயிலர் கழருது அத்தான். கட்டையைப் போடுங்கோ. அக்கா பின்னாலை நிக்கிறா."

தியாகராஜாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த வயசில் அவர் அப்படி ஓடி ஆரும் கண்டதில்லை. மனைவியைத் தோளால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ட்றெயிலரின் சில்லுக்கடியில் கட்டையை வைத்துக் காலால் உதைத்து இறுக்கினார். மற்றப் பக்கத்துக்கு ஓடிவரச் சொல்லி, தேருக்குக் கட்டை போடுகிற லதீசனுக்குக் கை காட்டினார். அவன் வந்து சேரமுதல் இரும்பு கிறீச்சிட்டது. ட்றெயிலரின் மூக்கு கொழுக்கியை விட்டு எழும்பி, பக்கத்தால் சறுக்கி ரோட்டில் மோதியது. மாலையில் சுற்றியிருந்த காப்புக் கம்பி பூவோடு அறுந்து வந்ததால் பிரேக்கும் பிடிக்கவில்லை. முழுப் பாரமும் அந்த ஒற்றைக் கட்டையில் வந்து இருந்தது. மரம் நெரிகிற சத்தம் பத்மநாதனின் காதுவரை கேட்டது. லதீசன் வந்து மற்றச் சில்லுக்கும் கட்டை வைத்தான். பிறகுதான் எல்லாம் அசையாமல் நின்றது.

தேர் நடு ஏற்றத்தில் நின்றுவிட்டது. சனம் குசுகுசுக்கத் தொடங்கியது. அபசகுனம் என்றார்கள் சிலர். யப்பான் கைவிட்டுட்டுது என்று பெடியள் போன் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

பத்மநாதன் பின்னால் வந்தபோது தியாகராஜா கொழுக்கியின் முன் குந்தியிருந்தார். பட்டு எண்ணெய் பிரண்டு நசிந்து கிடந்தது.

"இதைப் பூட்டேக்கை கண்டனியோ?"

"கண்டனான் அத்தான். கழட்டப் பயமாக் கிடந்தது."

"ஆட்டிப் பாக்கிறதுக்கு என்ன?"

"நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டியள்."

தியாகராஜா பட்டை உருவியெடுத்து, ஆரும் பார்க்கமுதல் வேட்டி மடிக்குள் செருகினார்.

"பட்டாலைதான் கழண்டதெண்டு உன்ரை அக்காவுக்குச் சொல்லிப்போடாதை. அவள் இனி நித்திரை கொள்ளமாட்டாள்."

நாலு பேர் பிடித்துத் தூக்க, ட்றெயிலரின் வாய் வெறும் இரும்பில் நறுக்கென்று கவ்வியது. தியாகராஜாவே காப்புக் கம்பியை வளையத்தில் மாட்டி, மூக்கைப் பிடித்து மூன்று தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு, வண்டிக்கு ஒன்றுமில்லை, பூட்டுத்தான் சரியாக விழவில்லை என்று சனத்துக்குக் கேட்கச் சொன்னார்.

ஆனால் பத்மநாதனால் ஏற முடியவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்.

"என்னாலை ஏலாது அத்தான். நீங்கள் எடுங்கோ."

"இது உன்ரை வண்டி. ஏறு."

சொல்லிவிட்டு மற்றப் பக்கக் கதவைத் திறந்து தியாகராஜா உள்ளே ஏறி இருந்தார். செத்தாலும் யப்பான் வண்டியில் ஏற மாட்டேன் என்று கலியாண வீடுகளில் சத்தியம் பண்ணிய மனிசன். பெல்ட்டை மாட்டிக்கொண்டு நேரே பார்த்தார்.

"சீற் பரவாயில்லை. வெளியிலை சொல்லிப்போடாதை. எடு."

வண்டி நகர்ந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. ஆனாலும் ஏற்றம் முடியும்வரை பத்மநாதன் அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அத்தானின் கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததையும் ஓரக்கண்ணால் கண்டார்.

பின்னேரம் குறூப்பில் படங்கள் நிறைந்தன. கொழுக்கி இருந்து என்ன, பிடிக்கத் தெரியவேணும் என்று ஒருவன் எழுதினான். அமெரிக்கன் என்றால் இப்படி நடக்குமோ என்று இன்னொருவன். எல்லோரும் தியாகராஜா என்ன எழுதுவார் என்று காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர் ஒரே ஒரு வரி போட்டார்.

"என்ரை வண்டியெண்டாலும் கழண்டுதான் இருக்கும்."

அதோடு குறூப் அடங்கிவிட்டது. பத்மநாதன் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சந்தோசப்பட முடியவில்லை. கண்ணை மூடினால் மரம் நெரிந்தது, அதற்குப் பின்னால் அக்காவின் சட்டி எரிந்தது. இப்போதெல்லாம் ட்றெயிலர் இல்லாத நாட்களிலும் வேலைக்குப் போகமுதல் வண்டியின் பின்னால் போய் வெறும் கொழுக்கியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். மாலினியும் இதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

சிவகௌரிக்கு மட்டும் ஒரு கலக்கமும் இல்லை. நடு ஏற்றத்தில் கழன்ற பாரம் தன் காலடிக்கு வராமல் நின்றதென்றால் அது பட்டு காத்த காவல்தான் என்று கண்ட இடமெல்லாம் சொன்னாள். அந்தப் பட்டு எங்கே போனது என்று கேட்டபோது, பிள்ளையார் எடுத்துக்கொண்டுவிட்டார் என்று தியாகராஜா சொன்னார். அவள் கண் கலங்கிக் கும்பிட்டாள்.

அடுத்த வருசத் தேருக்குக் கொடியேறிய அன்று, எல்லோரும் ஃபாரஸ்ட் கேட் வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, சிவகௌரி சாமியறையிலிருந்து ஒரு தட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதில் மஞ்சள் பட்டு இரண்டு மடித்துக் கிடந்தது. இரண்டும் போன முறையதிலும் பெரிசு.

"ரெண்டு பேற்றை வண்டியளுக்கும் நானே வந்து கட்டிவிடுறன். போனமுறை கொஞ்சம் இறுக்கம் காணாது."

பத்மநாதன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அத்தானைப் பார்த்தார். தியாகராஜா தட்டத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஓம் என்று தலையாட்டினார்கள்.