லோட்டிக்கும் ஓர் அறை

2008ஆம் ஆண்டு வசந்தகாலம் முழுக்க என் மனைவி பிளோறன்ஸ் தொலைபேசியில் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அதை டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதி, மகளிடம் கொடுத்துத் திருத்தி, செபம் மாதிரி மனப்பாடமாக்கி வைத்திருந்தாள்.

"வணக்கம். என் பெயர் பிளோறன்ஸ். எனக்கு ஓர் உதவி நாய் இருக்கிறது. அவள் செல்லப்பிராணி அல்ல. என் மனவருத்த நோய்க்காகப் பயிற்றப்பட்டவள். அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்னால் வெளியிடத்தில் தூங்க முடியாது. எங்களுக்கு உங்களிடம் இடம் இருக்குமா?"

மறுமுனையில் முதலில் ஒரு மௌனம் வரும். பிறகு எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "உங்களுக்குக் கண் தெரியாதா?" கண் தெரியும் என்பாள். "அப்படியென்றால் உங்களுக்கு என்னதான் பிரச்சினை?" என்பார்கள். ஒரு கட்டில் கேட்டதற்கு ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் தன் வயிற்றெரிச்சலைச் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு. சொல்லி முடித்தபின், "மன்னிக்கவும், நாய்களுக்கு அனுமதியில்லை" என்று வைத்துவிடுவார்கள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இஞ்சை கொண்டா ரெலிபோனை, நான் நாலு வார்த்தை கேக்கிறன்" என்பேன்.

"நீங்கள் கேட்டால் நாய்க்கு மட்டுமில்லை, தமிழருக்கும் இடமில்லை எண்டு போர்ட் போடுவாங்கள். பேசாமல் இருங்கோ" என்பாள்.

நாங்கள் ஜெர்மனியில், ஹம் நகரத்தில் இருக்கிறோம். நான் அன்ரன், நகரப் பேருந்து ஓட்டுகிறேன். அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. இருவருக்கும் ஊர் மன்னார். போர்க்காலத்தில் அவள் எங்கே ஓடினாள், எந்தக் கோயிலில் பதுங்கினாள், அங்கே யாரை விட்டுவிட்டு வெளியே வந்தாள் என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவாள். வீடு வாடகைக்குக் கேட்கிற மாதிரி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க அது என்ன பொதுச்சொத்தா?

ஆனால் தூக்கத்தில் அவள் போடுகிற சத்தத்தை மேல்மாடிக்காரரும் அறிவார்கள். மருந்து கொடுத்தார்கள், கதைக்கிற வைத்தியமும் செய்தார்கள். அதில் பாதி குறைந்தது. மீதியைக் குறைத்தவள் லோட்டி. கறுப்பு நிறம், லாப்ரடோரும் வேறேதோவும் கலந்த சாதி. பிளோறன்ஸ் கனவில் முனகத் தொடங்கும்போதே கட்டிலில் முன்னங்காலைப் போட்டு, முகத்தை நக்கி எழுப்பிவிடுவாள். கடையில் வரிசையில் நின்றால் அவளுக்குப் பின்னால் குறுக்கே நின்று, முதுகோடு யாரையும் ஒட்டவிடமாட்டாள். இருபத்தைந்து வருடமாகப் புருஷன் என்று பக்கத்தில் கிடந்த எனக்கு இந்த இரண்டில் ஒன்றும் வரவில்லை. பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

எங்கள் சனம் லோட்டியைப் படுத்திய பாடு தனிக்கதை. மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பாதிப்பேர் பயத்தில் மற்றப் பக்கத்து வாங்குக்கு மாறுவார்கள். மீதிப்பேர் பாவம் என்று றோல்ஸைப் பிய்த்துப் போடுவார்கள். வேலையில் நிற்கிற நாய்க்குத் தீனி போடக்கூடாது என்று சொன்னால், "உந்த நாயும் டொச்சுக்காரர் மாதிரி ஆயிட்டுது" என்று சிரிப்பார்கள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் லவினியா கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிறாள். அவள் கட்டியது சென்னைப் பெடியன் சீனிவாசனை. கணினி வேலை, நல்ல பிள்ளை. செப்டெம்பரில் அவளுக்குக் குழந்தை பிறக்க இருந்தது. பிளோறன்ஸோ ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து தன் கட்டிலைத் தவிர வேறெங்கும் படுத்ததில்லை. மகளின் கல்யாணத்தன்றுகூட, கேக் வெட்டின கையோடு அவளை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தவன் நான். மகளின் வீட்டை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நாய்ப் பயிற்சி வகுப்பில் ஒரு கதை அடிபட்டது. பயிற்சிக்காரி ஹொல்ட்காம்ப் அம்மாவிடம் இப்படி மனவருத்தத்துக்கு நாய் வைத்திருக்கிற ஐந்து பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். எல்லாரும் நாய்களோடு ஒரு வார இறுதிக்கு எங்காவது அமைதியான இடத்துக்குப் போய்த் தங்கினால் என்ன என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். யார் ஒழுங்கு செய்வது என்றதும் கையை உயர்த்தியவள் என் மனைவி. கெவலார் மாதா திருநாளுக்கு எத்தனையோ வருடம் பேருந்து பிடித்துச் சனத்தைக் கொண்டுபோனவளாம், இது என்ன பெரிய காரியமாம்.

"அங்க ஒரு ராத்திரி படுத்திட்டன் எண்டால் பிள்ளையிட்டையும் போவன்" என்றாள் என்னிடம். "ஏலாட்டிப் பேரப்பிள்ளையையும் படத்தில பாக்கிறன். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நான் அந்தத் தொலைபேசிச் சண்டைகளைக் குறுக்கே விழுந்து குழப்பவில்லை. ஒரு மடத்துச் சகோதரி நாய்களுக்குச் சம்மதித்து, அவற்றை வெளிக் கொட்டிலில் கட்டவேண்டும் என்றார். ஓர் உல்லாச விடுதிக்காரன், "மனவருத்தக்காரர் ஐந்து பேரா? மற்ற விருந்தாளிகள் பயப்படுவார்களே" என்று வெளிப்படையாகவே சொன்னான். அன்று அவள் தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் அன்று வெங்காயத்துக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

கடைசியில் ஸவர்லான்ட் மலைப்பக்கம், ஒரு சின்னக் கிராமத்தில், கோயிலைச் சேர்ந்த பழைய பங்கு மனை ஒன்று சம்மதித்தது. நாய்கள் அறைக்குள்ளேயே படுக்கலாம். அம்மாடி என்று மூச்சுவிட்டால், அடுத்து திகதிப் பிரச்சினை. பார்த்து வைத்த திகதியில் என் தங்கை சிசிலி தன் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புநீராட்டு, வைத்தாள். "தண்ணி வாக்க மாமன் இல்லாமல் நான் ஆரை அண்ணை கூப்பிடுறது?" என்று அழுகை. விழா மண்டபம் எடுத்தாயிற்று, மாற்ற ஏலாது. அடுத்த கிழமை எங்கள் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர். அன்றைக்கு ஹம்மில் பேருந்து ஓட்டுகிறவன் எவனுக்கும் லீவு கிடையாது. இப்படித் தட்டித் தட்டி யூலையில் ஒரேயொரு வார இறுதி மிஞ்சியது. அது காலியாக இருக்குமோ என்று பயந்து பயந்து பிளோறன்ஸ் அழைத்தாள்.

"இருக்கிறது" என்றாள் அந்த வீட்டைப் பார்க்கிற பெண். "எங்கள் புனித செபஸ்தியான் சபையின் திருநாள் அன்றைக்கு. கோயிலில் பூசையும் உண்டு. உங்களுக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லையாவா! பிளோறன்ஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. செபஸ்தியார் அவளுடைய ஊர்க் கோயிலின் புனிதர். "பாத்தியளே, அவரே கூப்பிடுறார்" என்று பெரிய சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் தலையாட்டினேன். வருடா வருடம் பச்சைச் சட்டை போட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறவர்களுக்காகப் பேருந்தைச் சுற்றுவழியால் ஓட்டுகிறவன் நான். அந்தச் சூட்டுச் சங்கக்காரருக்கும் எங்கள் செபஸ்தியாருக்கும் தொடர்பு இருக்குமென்று எனக்கு எப்படித் தெரியும்? அம்பு பட்ட மனிதரை, துப்பாக்கி சுடுகிறவர்களே தங்கள் பாதுகாவலராக வைத்திருப்பார்கள் என்று மன்னாரில் பிறந்த எவனுக்குத் தோன்றும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரவல் வாங்கிய சின்ன வான் வண்டியில் ஐந்து பேரையும் ஐந்து நாய்களையும் ஏற்றிக்கொண்டு போனேன். நான் சாரதி, சமையற்காரன் இரண்டும். ஹொல்ட்காம்ப் அம்மா தன் காரில் வந்தார். கிராமம் அவ்வளவு அமைதி. தெருவெல்லாம் பச்சை வெள்ளைக் கொடி. கோயில் வாசலில் செபஸ்தியார் படத்துக்குப் பூச்சோடனை. பிளோறன்ஸ் அதற்கு முன்னால் நின்று, தொட்டு முத்தம் வைத்தாள். கொசோவோவுக்குப் போய்வந்த பழைய படைவீரன் உவே, தன் நாயோடு ஓடை ஓரமாக நடந்து போய்வந்து, "இங்கே காது கேட்காதவன் மாதிரி இருக்கிறது, எவ்வளவு நல்லது" என்றான். நான் சுட்ட பற்றிஸைச் சாப்பிட்டு எல்லாரும் நேரத்தோடு படுத்தார்கள்.

நான்தான் தூங்கவில்லை. விடிகிற சாயலில் திரும்பிப் பார்த்தால், பிளோறன்ஸ் வாயைத் திறந்துகொண்டு நல்ல குறட்டை. லோட்டி அவள் காலடியில். கண் விழித்தவள் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"விடிஞ்சிட்டுதோ?"

"ஓம்."

"நான் ஒருக்காலும் எழும்பேல்லையே?"

"இல்லை. மூக்கால பாட்டுத்தான் படிச்சனீ."

அவள் சிரிக்க வாயெடுத்தாள். அந்த நேரம்தான் வெடித்தது.

பீரங்கி. சாட்சாத் பீரங்கி. கோயிலுக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்து ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. திருநாளென்று ஊரை எழுப்புகிறார்களாம்! பிளோறன்ஸ் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய்விட்டாள். லோட்டி அவள்மேல் முழுப்பாரத்தையும் வைத்துப் படுத்துக்கொண்டாள். கீழே ஓடினால், உவே சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்தான். அவன் நாய் அவன் கால்களின் மேல் கிடந்தது. மாடியில் எங்கள் கூட்டத்து இளம்பெண் ஒருத்தி ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். நாய்கள் ஒன்றும் குரைக்கவில்லை. எல்லாம் வேலையில் நின்றன. அமைதி தேடி அமைதி தேடி, நாட்டிலேயே பீரங்கி வெடிக்கிற இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறோம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடேயே சங்க மண்டபத்துக்கு ஓடினேன். பச்சைச் சட்டையும் இறகு வைத்த தொப்பியுமாக ஒரு பெரியவர். சத்தம் போட்டேன், வேண்டினேன், மறுபடி சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மெய்யாகவே வருந்தினார். பல தலைமுறை வழக்கமாம், நிறுத்த முடியாதாம். மத்தியானம் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் வெடிக்குமாம். சொல்லிவிட்டு என் கையில் ஒரு பியரைத் தந்தார். காலங்காத்தாலே! சண்டைக்குப் போனவன் பியரோடு திரும்பி வந்தேன். அதைவிடக் கேவலம் உண்டா?

"உன்ரை செபஸ்தியார் கூப்பிட்ட இலட்சணத்தைப் பாத்தியோ?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"செபஸ்தியாரை ஏசாதேங்கோ. வானை எடுங்கோ" என்றாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் குரல் கெவலாருக்குப் பேருந்து பிடிக்கிற அந்தப் பழைய குரல்.

மத்தியான வெடிக்கு முன்பே எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நீர்த்தேக்கக் கரைக்குப் போனோம். காட்டோரம் வானை நிறுத்திவிட்டுப் பாணும் சம்பலும் பிரித்தேன். எல்லாரும் புல்லில் இருந்தார்கள். நாலு மாதப் பாடு பாழாய்ப்போனது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிளோறன்ஸ் என் கைத்தொலைபேசியை வாங்கி, ஒலியைக் கூட்டி மடியில் வைத்துக்கொண்டு லவினியாவை அழைத்தாள்.

"பிள்ளை, நான் படுத்தனான்! வெளியில! முழு ராத்திரியும்! செப்டெம்பருக்கு வாறன்."

"ஐயோ அம்மா, super!" என்று லவினியா கத்தினாள். பிறகு குரல் தணிந்தது. "அம்மா… ஒண்டு கேக்கட்டே? லோட்டியை அப்பாவோட விட்டிட்டு வாங்கோவன். சீனியின்ரை அம்மாவும் சென்னையிலயிருந்து வாறா, அவவுக்கு நாய் எண்டால் பயம். பிள்ளைக்கும் முடி கிடி ஒத்துவராதெல்லோ. இப்ப உங்களுக்குப் படுக்க ஏலுதுதானே."

அந்த உல்லாச விடுதிக்காரன் சொன்னபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. தொலைபேசியைப் பறிக்கக் கையை நீட்டினேன். பிளோறன்ஸ் என் கையைத் தட்டிவிட்டாள். லோட்டியின் கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்து, தெளிவாக, டொச்சில் தொடங்கினாள்.

"வணக்கம். என் பெயர் பிளோறன்ஸ். எனக்கு ஓர் உதவி நாய் இருக்கிறது. அவள் செல்லப்பிராணி அல்ல…"

புல்லில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அதுவரை நடந்த தமிழ்க் கதை அவர்களுக்கு விளங்கியிருக்காது. இது விளங்கியது. அவர்களிடமும் ஆளுக்கொரு பேச்சு இப்படி மனப்பாடமாக இருந்தது. உவே கையிலிருந்த பாணைக் கீழே வைத்தான்.

"அம்மா, ஏன் என்னோட டொச்சில கதைக்கிறியள்?" லவினியாவின் குரல் பயந்துபோய் இருந்தது. அந்தப் பேச்சை எழுத்துக்கெழுத்துத் திருத்திக் கொடுத்தவளே அவள்தான்.

பிளோறன்ஸ் நிறுத்தவில்லை. ஒரு சொல்லையும் விடவில்லை. "அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் என்னால் வெளியிடத்தில் தூங்க முடியாது. எங்களுக்கு உங்களிடம் இடம் இருக்குமா?"

பிறகு, ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் காத்திருந்தது போலவே காத்திருந்தாள். மறுமுனையில் அந்த மௌனம் வந்தது. அந்த மௌனத்தை நான் அந்த வருடம் எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தரமும் அதற்குப் பின்னால் என்ன வந்ததென்பதும் எனக்குத் தெரியும். லோட்டி பிளோறன்ஸின் உள்ளங்கையை நக்கத் தொடங்கினாள்.

அங்கே லவினியா அழுகிற சத்தம் கேட்டது.

"இருக்கம்மா. இடமிருக்கு. மாமியோட நான் கதைக்கிறன். ரெண்டு பேரும் வாங்கோ."

"நன்றி" என்றாள் பிளோறன்ஸ், டொச்சிலேயே. பிறகு தொலைபேசியை அணைத்து என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டு பேரோ?" என்றேன். "அப்ப நான்?"

"நீங்கள் வானில படுங்கோ" என்றாள்.