எறும்புத்தின்னியும் என் சகலையும்

நேற்று அணைப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கினேன். மலைக்கு மேலே நட்சத்திரங்களைப் படமெடுக்கக் காத்திருந்தபோது, நீரோரமாக ஓர் எறும்புத்தின்னி வந்து நின்றது.

அதையும் எடுத்து, காலையில் அந்தப் படத்தை இங்கே என் பக்கத்தில் போட்டேன். இடத்தைச் சொல்லவில்லை. செதிலுக்காக அதைப் பிடித்து விற்கிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

இத்தனை வருடம் என் படங்களைத் திரும்பிப் பார்க்காத சகலை, இன்று பார்த்து அதை ராஜபாளையத்துக் குழுக்களில் எல்லாம் பகிர்ந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் தெரிந்த மடையை அடையாளம் கண்டு, "எங்க அண்ணாச்சி எடுத்தது, மூணாவது மடைக்குப் பக்கத்துல" என்று எழுதியும் வைத்திருக்கிறார்.

மத்தியானம் முகம் தெரியாத ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பினார். "சார், அது தெனமும் வருமா?"

உடனே சகலையைக் கூப்பிட்டேன்.

"உங்க பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான போட்டேன். அதுக்குப் போயி கோவப்படுதீகளே."

"என் பேரு தெரியட்டும். மடை எதுக்குய்யா தெரியணும்?"

அழித்துவிட்டார். அதற்குள் யார் யார் கைக்குப் போனதோ.

வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன். ஆனாலும் கூடாரத்தைப் பிரிக்க மனம் வராமல் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் படம் உங்களிடம் வந்திருந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள். என் படங்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது உங்களுக்குப் புதிதல்லவே.